இணைய வேகம் 200 எம்பிபிஎஸ் ‘வரை’ என்று போட்டுவிட்டால் போதுமா?

கேள்வி: திருச்சியில் எங்களுக்கு மாடி வீடு. ஒரு தனியார் நிறுவனத்தின் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) ஃபைபர் இணைய இணைப்புக்கு, ஓராண்டுக் கட்டணமாக ஜிஎஸ்டியோடு 11,800 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். மூன்று மாதம் ஆகிறது. மாடி அறையில் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 30, 40-ஐத் தாண்டுவதில்லை. டிவியில் 4கே படமும் தெளிவாக இல்லை. கேட்டால், “200 வரை என்றுதானே சார் போட்டிருக்கிறோம், வைஃபைக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்கிறார்கள். மீதிப் பணமும் தர மாட்டார்களாம். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் போனில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்வியில் அதைக் கிழித்துவிடுவார்: நடுவில் எத்தனை சுவர்? அந்த நேரத்தில் வீட்டில் எத்தனை போன் ஓடிக்கொண்டிருந்தது?

4கே விஷயத்தைப் புகாரில் சேர்க்கவே வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான்; உங்களுக்கு வரும் 30 அதற்குத் தாராளம். படம் மங்கலாக இருந்தால் நீங்கள் எடுத்திருக்கும் திட்டத்தில் 4கே இருக்கிறதா, டிவியும் எச்டிஎம்ஐ இணைப்பும் எச்டிசிபி 2.2 என்னும் நகல்தடுப்பு முறைக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். தவறான குற்றச்சாட்டு ஒன்று இருந்தால், சரியானதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது நிறுவனம் கொடுத்த ரவுட்டர் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். வழக்கு அங்கேதான் இருக்கிறது. வைஃபை பெயர் ஒன்றுதானா, ‘5ஜி’ என்று முடியும் இரண்டாவது பெயர் உண்டா? (இது செல்போன் 5ஜி அல்ல, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஒரே பெயர்தான் என்றால் வேகம் குறைந்த 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் இருக்கலாம்.) அப்புறம் கேபிள் செருகும் பின்பக்கத் துளைகள். ‘ஜிஇ’ (GE) என்றிருந்தால் 1000 எம்பிபிஎஸ் போகும், ‘எஃப்இ’ (FE) என்றிருந்தால் 100-தான் உச்சம்.

அடுத்து, லேப்டாப்பைக் கேபிளில் நேரடியாக இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, காலை, மாலை, இரவு என்று ஒரு வாரம் அளந்து தேதியோடு சேமித்து வையுங்கள். விண்டோஸ் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 100/100 என்று காட்டினால், பெட்டியைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். உள்ளே நாலு கம்பி மட்டும் சேர்ந்திருந்தாலும் 100-இல் நின்றுவிடும். லேப்டாப்பின் போர்ட்டும் 1000 தாங்குவதாக இருக்க வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவர் 100 எம்பிபிஎஸ் வாங்கி 12 தான் வருகிறது என்று கொதித்துப்போய் வந்தார். பார்த்தால் அது மெகாபிட் அல்ல, மெகாபைட் கணக்கு; ஒரு பைட் என்றால் எட்டு பிட். எட்டால் பெருக்கினால் 96!

கேபிளில் 180, 190 வருகிறதா? வழக்கு இல்லை. மாடிக்குக் கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வையுங்கள்.

துளை எல்லாம் 100, வைஃபையும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் என்றால் கதையே வேறு. அந்தப் பெட்டியில் ‘300’ என்று அச்சிட்டிருக்கலாம். அது உச்சக்கணக்கு, பாதிகூடக் கைக்கு வராது. ‘200 வரை’ என்றால் எப்போதாவது 200 தொட வழி இருக்க வேண்டுமல்லவா? அவர்களே கொடுத்த கருவி அந்த வழியை அடைத்திருக்கும்போது, ‘வரை’ என்ற சொல்லுக்குப் பின்னால் அவர்கள் ஒளிந்துகொள்ள முடியாது என்பது என் வாதம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(11)-இன்படி இது சேவைக் குறைபாடு. குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது பிரிவு 2(47)-இன்கீழ் நியாயமற்ற வணிக நடைமுறை; பணம் தர ரசீதில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு.

முதலில் கால் சென்டரில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். தீராவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதுங்கள். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. பதில் சரியில்லை என்றால் மீதி ஒன்பது மாதத்துக்கு 8,850 ரூபாய் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். அதற்கும் மசியவில்லை என்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு ஆண்டு கால வரம்பு, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

தொலைத்தொடர்புத் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று 2009 தீர்ப்பு ஒன்றைக் காட்டி மிரட்டுவார்கள். போகலாம் என்று வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நோட்டீஸ் போனதும் டெக்னீஷியன் ஓடி வந்து பெட்டியை மாற்றித் தரலாம். மாற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பழைய பெட்டி கதவைத் தாண்டும் முன் ஸ்டிக்கர், சீரியல் எண், பின்பக்கத் துளைகள் மூன்றையும் படம் எடுத்துவிட்டு, திருப்பிக் கொடுத்ததற்கு அவரிடம் கையெழுத்தும் வாங்குங்கள். புதிய பெட்டியில் 200 வந்துவிட்டால், கடந்த மூன்று மாதத்துக்கான இழப்பீட்டை மட்டும் கேட்டால் போதும்.