தோட்டம் கேள்வி பதில்: வீட்டுக்கு ஓர் இலந்தை

வறட்சியைத் தாங்கும் பழமரங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது இலந்தையை ஒரே வரியில் கடந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே இருந்ததால், இந்த இதழை முழுவதும் இலந்தைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. செம்மண், ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. கொய்யாவும் எலுமிச்சையும் வைத்துப் பட்டுப்போயின. இலந்தை வருமா? கொட்டையைப் போட்டு முளைக்க வைப்பதா, கன்று வாங்குவதா?
– வாசகி, விருதுநகர்

தாராளமாக வரும். உப்பு நீரையும் களர் மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் பழமரங்கள் நம்மிடம் மிகச் சிலவே. அவற்றில் இலந்தை முன்வரிசையில் நிற்கிறது. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கி அடிமண்ணின் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். கடுங்கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு மரம் ஓய்வுக்குப் போய்விடும். கோடையில் மொட்டையாக நிற்பதைப் பார்த்து மரம் பட்டுவிட்டது என்று எண்ணி, குடம் குடமாக நீர் ஊற்ற வேண்டாம் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கொட்டையிலிருந்து வளர்ந்த மரம் தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. கடையில் வாங்கிய பெரிய பழத்தின் கொட்டையைப் புதைத்து நான்கைந்து ஆண்டுகள் காத்திருந்த பின், கோலிக்குண்டு அளவில் புளிப்புப் பழம் காய்த்தால் மனம் விட்டுப்போகும். ஆகவே ஒட்டுக்கன்றே வாங்குங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே காய் பார்க்கலாம்.

பழகிய கைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. இலந்தையின் ஆணிவேர் அசைக்கப்படுவதை விரும்பாது என்பதால், காட்டு இலந்தைக் கொட்டையை மரம் நிற்க வேண்டிய குழியிலேயே விதைத்து, தண்டு பென்சில் பருமன் ஆனதும் நல்ல இரகத்தின் மொட்டை அதில் கட்டிவிடுவதுதான் அந்த வழி. இப்படி வந்த மரம் வறட்சியில் காட்டும் உறுதி, பையில் வளர்ந்த கன்றுக்கு அரிதாகவே வாய்க்கும். கொட்டைகளை ஒரு நாள் உப்புக் கரைசலில் ஊறவிட்டு, மிதப்பவற்றை எறிந்துவிட்டு, மூழ்கியவற்றை நன்றாகக் கழுவி விதைக்க வேண்டும். ஓட்டோடு விதைத்தால் முளைக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். ஓட்டை மெதுவாகத் தட்டி உடைத்து உள்ளிருக்கும் பருப்பை மட்டும் விதைத்தால் ஒரு வாரத்திலேயே முளை தெரியும்.

கன்று வாங்கும்போது இலையின் செழுமையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பையின் அடியில் வேர் சுருண்டு முடிச்சு விழுந்திருக்கிறதா என்றும், ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேலிருந்துதான் தளிர் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் போத்து காட்டு இலந்தையின் போத்து. அதை வளரவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் மேலே கட்டிய நல்ல இரகத்தை அது அமுக்கிவிடும். நடவு செய்த பிறகும் இந்தப் போத்துகளை அவ்வப்போது கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்துச் சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணோடு சுமார் 20 கிலோ மக்கிய தொழு உரத்தையும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கையும் கலந்து நிரப்பி, மழைக்கு முன்னதாக நடுங்கள். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். தோப்பாக வைப்பவர்கள் மரத்துக்கு மரம் 8 மீட்டர் விடுவார்கள். ஆண்டுதோறும் கவாத்து செய்வதாக, அதாவது கிளைகளை நறுக்கிவிடுவதாக இருந்தால் வீட்டில் 5 மீட்டர் போதும். நடைபாதைக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம். இலந்தை முள் இரட்டையாக வரும். ஒன்று நேராகவும் மற்றது கொக்கிபோல வளைந்தும் இருக்கும். நேர்முள் குத்துவதோடு விட்டுவிடும், கொக்கிமுள் புடவையை விடாது.

இரகங்களில் பனாரசி, உம்ரான், கைத்லி, கோலா ஆகியவை நமக்கு ஏற்றவை. கோலா உருண்டையானது, முந்திக் காய்ப்பது. உம்ரான் நீள்வட்டமானது, பிந்திக் காய்ப்பது. 'ஆப்பிள் இலந்தை' என்று விற்கப்படுவதும் இலந்தைதான். பழம் பெரிதாக இருக்கும், சாறும் உண்டு. ஆனால் நாம் சிறுவயதில் தின்ற இலந்தையின் மணத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

வேலியோரம் தானாக முளைத்த இலந்தை ஒன்று பத்தடிக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. பழம் சிறியது, புளிப்பு அதிகம். வெட்டிவிட்டுப் புதிய கன்று வைக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், காங்கேயம்

வெட்டுங்கள், வேரோடு மட்டும் வெட்டாதீர்கள். உங்கள் மண்ணில் தானாக வேரூன்றி இத்தனை கோடைகளைக் கடந்த மரத்தைவிடச் சிறந்த வேர்ச்செடி விலைக்குக் கிடைக்காது. மாசி, பங்குனியில் பழம் ஓய்ந்ததும் அடிமரத்தை இடுப்பளவு உயரத்தில் அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லிப் பசை) தடவுங்கள். கோடை மழைக்குப் பிறகு பத்துப் பதினைந்து தளிர்கள் குபுகுபுவென்று கிளம்பும். அவற்றில் நாற்புறமும் பார்த்து நான்கைந்தை மட்டும் விட்டு, மற்றவற்றை நீக்கிவிடுங்கள். பென்சில் பருமனுக்கு வந்ததும், ஆனியிலிருந்து ஆவணிக்குள், பட்டை எளிதாக உரியும் நாளில் நல்ல இரகத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து, அதே அளவில் பட்டை நீக்கிய இடத்தில் பொருத்தி, மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். மூன்று வாரம் கழித்தும் மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்று பொருள். அதன்பின் மொட்டுக்கு மேலுள்ள தளிரை வெட்டிவிடலாம். கைவராவிட்டால், ஒட்டுக்கட்டத் தெரிந்த நாற்றங்கால் ஆள் ஒருவரை அழைத்துவாருங்கள். அரை நாள் வேலைதான்.

ஒரு கிளையை மட்டும் கட்டாமல் காட்டு இலந்தையாகவே விட்டுவைக்கும்படி பரிந்துரைப்பேன். உப்பும் மிளகாயும் வெல்லமும் சேர்த்து இடித்துத் தட்டி வெயிலில் காயவைக்கும் இலந்தை வடைக்கு அந்தப் புளிப்புப் பழம்தான் சரி. பெரிய ஒட்டு இலந்தையில் செய்து பார்த்தேன், சப்பென்று இருந்தது.

ஒட்டு இலந்தை வைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மரம் மாடி உயரத்துக்குப் போய்விட்டது. தினமும் நீர் விடுகிறோம், உரமும் வைக்கிறோம். முதலில் நன்றாகக் காய்த்தது. இப்போது உச்சியில் மட்டும் சிறு சிறு பழங்கள். மரத்துக்கு என்ன குறை?
– வாசகர், தஞ்சாவூர்

மரத்துக்கு எந்தக் குறையும் இல்லை. கத்தரிக்கோல் படாததுதான் குறை. இலந்தை அந்த ஆண்டில் புதிதாகக் கிளம்பும் தளிரில்தான், ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் கொத்தாகப் பூக்கும். பழைய கட்டையில் பூ வராது. வெட்டாமல் விட்ட மரத்தில் புதுத்தளிர் வெயில் தேடி ஆண்டுக்காண்டு உயரே போவதால், பூவும் காயும் கைக்கு எட்டாத உச்சிக்குக் குடிபோய்விடுகின்றன. கீழ்க்கிளைகள் வெறும் முள்ளாக நிற்கின்றன. மா, சப்போட்டா வளர்த்துப் பழகியவர்களுக்கு ஆண்டுதோறும் மரத்தை வெட்ட மனம் வராது. எனக்கும் வரவில்லை, என் மரமும் முதல் நான்கு ஆண்டுகள் உங்கள் மரத்தைப் போலத்தான் இருந்தது.

கடைசிப் பழம் பறித்து முடிந்த மாசி, பங்குனியில், சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகள் ஒவ்வொன்றையும் அடியிலிருந்து பதினைந்து, இருபது கணுக்கள் விட்டு நறுக்கிவிட வேண்டும். காய்ந்தவை, உள்நோக்கி வளர்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, தரையைத் தொடுபவை ஆகியவற்றை முழுவதும் நீக்கிவிடலாம். இவ்வளவு உயர்ந்துவிட்ட உங்கள் மரத்துக்கு இது போதாது. இந்த ஆண்டு தாய்க்கிளைகளில் பாதியையும் அடுத்த ஆண்டு மீதியையும் ஆள் உயரத்துக்குக் குறைத்துவிடுங்கள். இரண்டு ஆண்டு பழம் குறையும். அதற்குப் பிறகு ஏணி தேவைப்படாது. வெட்டிய முட்கிளைகளைத் தோட்டத்திலேயே குவித்துவைக்காமல் வேலிக்குப் பயன்படுத்துங்கள். இலைகளை ஆடுகள் விரும்பித் தின்னும். புதிதாக நட்டவர்கள் முதல் இரண்டு ஆண்டிலேயே தண்டை இரண்டரை அடிவரை கிளையின்றி நேராக வளர்த்து, அதற்கு மேல் நாற்புறமும் பரவும் மூன்று, நான்கு கிளைகளை மட்டும் விட்டால், பின்னாளில் இவ்வளவு பெரிய அறுவை தேவைப்படாது.

தினமும் நீர் விடுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். அறுவடையிலிருந்து கோடை முடியும்வரை மரம் ஓய்வெடுக்கட்டும். தஞ்சாவூர் வண்டல் நீரைப் பிடித்துவைக்கும் மண். ஓய்வுக் காலத்தில் ஈரம் இருந்துகொண்டே இருந்தால் மரம் இலையும் தழையுமாக ஓடும். நீர் உண்மையில் தேவைப்படுவது பிஞ்சு பிடித்ததிலிருந்து காய் பருக்கும்வரை. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அப்போது பத்து நாளுக்கு ஒரு முறை பாத்தி நிறைய விடுங்கள், இல்லையேல் காய் உதிரும். உரத்தைக் கவாத்துக்குப் பின் முதல் மழையோடு ஒரு முறை வைத்தால் போதும்: 30 கிலோ தொழு உரம், அடிமரத்தை ஒட்டாமல் கிளை நிழலின் விளிம்பில்.

மரம் முழுவதும் பூக்கிறது, காய்ப்பதில்லை. பூவின் நாற்றம் வேறு.
– வாசகி, கோவில்பட்டி

நாற்றம் நமக்குத்தான், ஈக்களுக்கும் குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் அது விருந்தழைப்பு. இலந்தை இரகங்களில் பல, தம் மகரந்தத்தால் தாமே காய் பிடிக்காதவை. வேறு இரக மரம் ஒன்று அருகில் இருந்து, பூச்சிகள் அங்கிருந்து இங்கே வந்தால்தான் பிஞ்சு நிற்கும். இரண்டாவது மரத்துக்கு இடமில்லை என்றால், இதே மரத்தின் ஒரு கிளையில் வேறு இரகத்தின் மொட்டைக் கட்டிவிடுங்கள். பூக்கும் காலத்தில் எந்தப் பூச்சிமருந்தும் தெளிக்காதீர்கள். பூக்களில் பெரும்பகுதி உதிரத்தான் செய்யும். எல்லாம் காயானால் கிளை தாங்காது.

பழம் பார்க்க அழகாக இருக்கிறது. கடித்தால் கொட்டையைச் சுற்றிப் புழு. பிஞ்சுகளில் வெள்ளைப் பொடியும் படிகிறது.
– வாசகர், திண்டுக்கல்

புழுவுக்குக் காரணம் இலந்தைப் பழ ஈ. அது பிஞ்சின் தோலுக்கடியில் முட்டையிடும்; புழு சதையைத் தின்று வளர்ந்து, பழத்தோடு கீழே விழுந்து, மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகி அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். அதனால் மருந்தைவிட துடைப்பமும் மண்வெட்டியும் பயன்படும். உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்; எருக்குழியில் போட்டால் ஈயை வளர்ப்பதாகும். கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயும், மைனாவும் கோழியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு மரத்தடியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

ஒட்டு இரகங்களைச் செங்காயாக, பச்சை மாறி மஞ்சள் ஏறும்போதே பறித்துவிடுவதும் உதவும். காட்டு இலந்தையைச் சிவந்து குழைந்த பிறகு தின்பது நம் வழக்கம். ஒட்டுப் பழத்தை அதுவரை விட்டால் மாவாகிவிடும், ஈக்கும் கூடுதல் நாள் கிடைக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது; நான்கைந்து முறை பறிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளைப் பொடி சாம்பல் நோய். ஐப்பசி, கார்த்திகைக் குளிர்ச்சியில் வரும். விட்டுவிட்டால் காயின் தோல் சொரசொரப்பாகி வெடிக்கும். பொடி தெரிந்ததும் ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து மாலையில் தெளித்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை தெளியுங்கள். கிளைகள் நெருக்கமாக இருக்கும் மரத்தில்தான் இந்நோய் அதிகம். தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்ன கவாத்து உங்களுக்கும் பொருந்தும்.

மொட்டைமாடியில் தொட்டியில் வளர்க்கலாமா?
– வாசகி, சென்னை

200 லிட்டர் பீப்பாயைப் பாதியாக அறுத்து, அடியில் வடிகால் துளைகள் இட்டு, ஆப்பிள் இலந்தை ஒட்டுக்கன்றை வைக்கலாம். தொட்டியில் ஆணிவேர் ஓட இடமில்லாததால், மேலே சொன்ன வறட்சி தாங்கும் குணத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். மண் காயும்போதெல்லாம் நீர் விட வேண்டும். மார்பளவுக்கு மேல் வளரவிடாமல் ஆண்டுதோறும் கவாத்து செய்யுங்கள்.

இங்குள்ள சீன மருந்துக்கடைகளில் விற்கும் சிவப்பு உலர்பழமும் இலந்தை என்கிறார்கள். அதன் கொட்டையை ஊருக்குக் கொண்டுபோய் விதைத்தால் வருமா?
– வாசகர், சிங்கப்பூர்

அது சீன இலந்தை. நம் இலந்தைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். இலைகளை வைத்தே பிரித்தறியலாம்: நம் இலந்தையின் இலையடி வெண்பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கும், சீன இலந்தையின் இலை இருபுறமும் வழவழப்பாக இருக்கும். சீன இலந்தை உறைபனியைத் தாங்குவது, குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குவது; அந்த உறக்கத்துக்குத் தேவையான குளிர் நம் சமவெளியில் கிடைக்காது. கொட்டைகள் பலவற்றில் பருப்பும் இருக்காது. பழத்தைச் சூப்பில் போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். ஊரில் உம்ரான் வையுங்கள்.

முள்மரம் வீட்டில் ஆகாது என்று மாமியார் தடுக்கிறார்.
– வாசகி, ஈரோடு

உங்கள் மாமியாரை அருகிலுள்ள பவானிக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். சங்கமேசுவரர் கோயிலின் தலமரம் இலந்தை. நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வேளூர்க் கோயிலிலும் அதுவே தலமரம். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், கொல்லையின் தென்மேற்கு மூலையில், அவர் நடமாடாத இடமாகப் பார்த்து வையுங்கள். தை மாதம் முதல் கூடைப் பழத்தை அவர் கையிலேயே கொடுங்கள்.