ஜப்பான்ல பழைய ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, கம்பத்துல ஏலக்காய் யாவாரம் பண்றேன், வண்டன்மேட்டுல கொஞ்சம் தோட்டமும் இருக்கு. அக்கா மகன் ஒசாகால வேலை பாக்குறான். அங்க 1978ல கட்டுன ஒரு ஃபிளாட் 60 லட்சம் யென்னுக்கு வருதாம், வாடகைக்கு ஆளும் இருக்காங்க, மாசம் 45,000 யென். வருசத்துக்கு 9 பெர்சென்ட் மாமா, வாங்கிப் போடுங்கன்றான். வாங்கலாமா?

பதில்: தம்பி, வெளிநாட்டுக்காரங்க அங்க நிலத்தோட சேத்தே வாங்கலாம், அதுக்குத் தடையில்ல. ஆனா மருமகன் சொன்ன 9 பெர்சென்ட்ட அப்படியே நம்பாதீங்க. அங்க கான்கிரீட் அபார்ட்மென்ட்ட ‘மேன்ஷன்’னுதான் சொல்வாங்க (நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன் இல்ல), ஒவ்வொரு ஓனரும் மாசாமாசம் மெயின்டனன்ஸ் காசும் ரிப்பேர் பண்டுக்கு தனிக்காசும் கட்டணும், ஆள் குடியிருந்தாலும் பூட்டிக் கிடந்தாலும் கட்டித்தான் ஆகணும். ரெண்டும் சேந்து 18,000 யென்னுன்னு வைங்க, உங்க 9 அங்கயே 5.4 ஆயிருச்சு, இன்னும் சொத்து வரி, வாடகை வசூல் பண்ணித் தர்றவங்க கமிஷன், வாங்கும்போது புரோக்கருக்கு இந்த விலைக்கு வரியோட சேத்து 3,30,000 யென் வரைக்கும்னு போய்க்கிட்டே இருக்கும்.

எனக்கு பெரிய பயம் அந்த 1978தான். 1981 ஜூன் 1ல பூகம்ப விதிய கடுமையாக்குனாங்க, 1995 கோபே பூகம்பத்துல அதுக்கு முந்துன கட்டடங்கதான் ரொம்ப அடிவாங்குச்சு, கோபே ஒசாகாவுக்குப் பக்கத்து ஊர்தான். பழைய கட்டடம்னா பின்னாடி பலப்படுத்துனாங்களான்னு கேளுங்க. 1982ல முடிஞ்சதுன்னாலும் நம்பக்கூடாது, பர்மிட் வாங்குன தேதிதான் கணக்கு.

அப்புறம் பாக்கி. முந்துன ஓனர் மெயின்டனன்ஸ் கட்டாம விட்டிருந்தா சட்டப்படி உங்ககிட்டயும் கேக்கலாம், தோட்டம் வாங்கும்போது வில்லங்கம் பாக்குற மாதிரி இத பாக்கணும். நீகாட்டா பக்கம் யுசாவான்னு ஒரு பனிச்சறுக்கு ஊரு, 1990 வாக்குல ஓஹோன்னு வித்த ஃபிளாட்டெல்லாம் இப்ப 1 லட்சம் யென்னுக்குக்கூட கிடைக்குது, காரணமே இந்த மாசக்காசுதான், யாருக்கும் சுமக்க இஷ்டமில்ல.

குடியிருக்கவங்கள நீங்க நினைச்சப்ப காலி பண்ணச் சொல்லவும் முடியாது, தக்க காரணம் இல்லாம கோர்ட் ஒத்துக்காது. அங்க இல்லாத ஓனர்னா வரி வேலை பாக்க உள்ளூர்ல ஒரு ஆள நியமிக்கணும்.

நம்ம பக்கம் ஒரு ஆள் வருசத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும் பேங்க் வழியா அனுப்பலாம், 10 லட்சம் ரூபாய்க்கு மேல போனா மேல போற தொகைக்கு 20 பெர்சென்ட் வரியா பிடிப்பாங்க, வருமான வரி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். வெளிநாட்டு சொத்த வருசாவருசம் ரிட்டர்ன்ல காட்டிருங்க தம்பி, கைமாத்து ஹவாலான்னு யாராச்சும் வந்தா கேட்டுக்குள்ளயே விடாதீங்க.

நானா இருந்தா இந்த ஃபிளாட்ட இப்ப வாங்க மாட்டேன். மருமகன் விடலன்னா, அந்த கட்டடத்த நிர்வாகம் பண்ற கம்பெனிகிட்ட ரிப்பேர் பண்டுல எவ்வளவு இருக்கு, எத்தன வீடு பாக்கி, அடுத்த பெரிய ரிப்பேர் எந்த வருசம்னு எழுத்துல வாங்கித் தரச் சொல்லுங்க, புரோக்கர் மூலமா கேட்டா காசு வாங்கிட்டு ரிப்போர்ட் குடுப்பாங்க. அது கைக்கு வராம அட்வான்ஸ் ஒத்த யென் போடாதீங்க.