பாஸ் என்னும் கூலி

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள். பேரணாம்பட்டில் ஒரு தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஓர் இணைய இதழுக்குக் கச்சேரி விமர்சனம் எழுதி வருகிறேன். வேலூரில் நடக்கும் கச்சேரிகள், மார்கழியில் சென்னை சபாக்கள், கல்லூரி மைதானங்களில் நடக்கும் சினிமா இசை நிகழ்ச்சிகள் என்று இதுவரை நாற்பதுக்கு மேல் எழுதியிருப்பேன். ஒன்றுக்கும் பணம் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

சென்ற மாதம் ஒரு கச்சேரிக்கு, வாசலில் என் பெயரில் பாஸ் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். போனால் பட்டியலில் என் பெயரே இல்லை. முக்கால் மணி நேரம் வெளியே நின்று, யார் யாருக்கோ போன் செய்து உள்ளே போவதற்குள் தொடக்கத்தில் பாடும் வர்ணமும் அடுத்த இரண்டு உருப்படிகளும் முடிந்துவிட்டன. பாடகரின் குரல் மேல் ஸ்தாயியில் இரண்டு இடங்களில் சுருதியை விட்டு விலகியதை ஒரே ஒரு வரியில் எழுதியிருந்தேன். மறுநாள் அமைப்பாளர் ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசினார், மாலைக்குள் கட்டுரையே எடுக்கப்பட்டுவிட்டது. "கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்கம்மா" என்றார் ஆசிரியர். நான் எடுத்த படம் மட்டும் என் பெயரில்லாமல் அமைப்பாளரின் முகநூல் பக்கத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் இரவு பதினொன்றரைக்கு அப்பா வண்டியோடு பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறார். "பாட்டு கேட்கப் போறதுக்கு உனக்குக் காசு வேற வேணுமா?" என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். பணம் கேட்பது தவறா, அல்லது நிறுத்திவிடுவதுதான் சரியா?

ம., குடியாத்தம்

*

அன்புள்ள ம.,

பணம் கேட்பது தவறில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எழுதப்போவதில் சில உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

"ஒன்றுக்கும் பணம் தந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தந்திருக்கிறார்கள், தந்தவர் யார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் டிக்கெட் வைத்து நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு உங்களுக்கு ஓசி பாஸ் கிடைக்கிறது என்றால், அன்றைக்கு உங்கள் கூலி ஐந்நூறு ரூபாய், அதைக் கொடுத்தவர் நிகழ்ச்சியின் அமைப்பாளர். யாரைப் பற்றித் தயங்காமல் எழுத வேண்டுமோ அவரே படியளக்கிறார். பத்திரிகையாளர் சந்திப்புகளில் கவர் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி நாம் எல்லோரும் முகம் சுளித்துப் பேசுகிறோம். பாஸைப் பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை, அதில் காந்தி படம் அச்சிடப்படவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கட்டுரை எடுக்கப்பட்டதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அதை எழுத உங்களுக்கு ஒரு மாலையும் பஸ் செலவும் ஓர் இரவுத் தூக்கமும் ஆயின. அமைப்பாளருக்கு ஒரு நாற்காலி ஆனது. ஆசிரியருக்கு எதுவுமே ஆகவில்லை. தான் ஒரு பைசாவும் செலவழிக்காத பொருளை வைத்துக்கொண்டு எவரோடும் மல்லுக்கட்ட எந்த வியாபாரியும் விரும்பமாட்டான். அந்தக் கட்டுரைக்கு அவர் முந்நூறு ரூபாய் கொடுத்திருந்தால், எடுப்பதற்கு முன் உங்களைக் கூப்பிட்டு "அந்த இரண்டு இடம் எது, எந்தக் கீர்த்தனையில்?" என்றாவது கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சம்பளம் இல்லாத இடத்தில் ஆதரவும் இல்லாமல் போவது இப்படித்தான்.

விமர்சனம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருகிற இரண்டு பேரைப் பார்க்கலாம். கல்கி ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆடல் பாடல் பகுதியை எழுதியபோது, அந்தப் பத்திரிகையிலேயே வேலையில் இருந்தார். சுப்புடு (1917–2007) டில்லியில் மத்திய அரசு ஊழியராக இருந்துகொண்டே ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதினார். வித்வான்கள் அவர் பேனாவுக்குப் பயந்த கதைகளை ரசித்துச் சொல்கிறோம், ஆனால் அவருடைய அரிசியும் பருப்பும் எந்த சபா செயலாளரின் கையிலும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

எனக்கும்தான் மாதச் சம்பளம் வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான், அதனால்தான் அடுத்ததைச் சொல்லத் துணிகிறேன். பாஸை விட்டுவிடுங்கள். டிக்கெட் வைத்த நிகழ்ச்சி என்றால் உங்கள் சம்பளத்திலிருந்து வாங்கிக்கொண்டு போங்கள், அதற்காக எழுதும் கட்டுரைகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள நேர்ந்தாலும் குறைத்துக்கொள்ளுங்கள். வேலூர்ப் பக்கம் கோயில்களில் நடக்கும் கச்சேரிகளுக்கும், மார்கழியில் பல சபாக்களின் மதிய நேரத்துக் கச்சேரிகளுக்கும் எப்படியும் டிக்கெட் கிடையாது. வாசலில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று குனிந்து தேடும் அந்த முக்கால் மணி நேர அவமானம் அன்றோடு தீரும்.

2023 செப்டம்பரில் சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ. ஆர். ரகுமான் நிகழ்ச்சியை மறந்திருக்கமாட்டீர்கள். கூட்டம் கட்டுக்கு அடங்காமல் போய், டிக்கெட் வாங்கிய பலர் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள், பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தார்கள். அதை அன்றிரவே ஊருக்குச் சொன்னவர்கள் காசு கொடுத்து ஏமாந்த சாதாரண ரசிகர்கள். பிறகு ரகுமானே, டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று அவர்களைத்தான் கேட்டுக்கொண்டார். பாஸில் வருகிறவருக்குப் பெரும்பாலும் தனி வாசலும் தனி வரிசையும் உண்டு. பொது வாசலில் நடப்பது அவர் கண்ணில் படுவதே இல்லை.

உங்கள் ஆசிரியருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். இணைய இதழ் நடத்துகிற பலர் தங்கள் கைக்காசைப் போட்டு நடத்துகிறார்கள், ஆண்டுக்கு ஒருமுறை தளத்துக்குப் பணம் கட்டும் மாதத்தில் முழிக்கிறார்கள். அப்படிப்பட்டவர் பணம் தரவில்லை என்பதற்காக அவரைச் சுரண்டல்காரர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் தன்னை ஒரு முதலாளியாகவும் நினைத்துக்கொள்ளக் கூடாது. இரவு பன்னிரண்டுக்குள் அனுப்பு, முந்நூறு வார்த்தைக்கு மேல் போகாதே, பாசிட்டிவாக எழுது என்றெல்லாம் உத்தரவு போடுவதற்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து இழுக்கும் தேர் என்றால் வடம் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். விளம்பரத்தில் காசு பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்களிடம் மட்டும் "கலைக்காக" என்று பேசுகிற இதழாக அது இருந்தால், இந்தப் பத்தியில் நான் அவருக்குக் கொடுத்த சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இனி என் கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலத்தில், நான் வேலூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். அச்சான செய்திகளை வெட்டி வெள்ளைத்தாளில் ஒட்டி மாதக் கடைசியில் கட்டாக அனுப்பினால், வரிகளை அளந்து லைனேஜ் என்று ஒரு தொகை வரும். விபத்து, திருட்டு, கலெக்டர் ஆய்வுக்கூட்டம் எல்லாம் அந்த அளவில் சேரும். கச்சேரி சேராது. "அது உங்க ஆசைக்கு எழுதறது" என்று சொல்லிவிட்டார்கள்.

காட்பாடிப் பக்கத்தில் ஒரு முருகன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி தொடங்கியது. தவில்காரர் ஒல்லியான மனிதர், வலதுகை விரல்களில் கூடு மாட்டியிருந்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தக் கூடுகள் மேலும் கீழும் போய்வருவதுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. இரண்டாவது தெருமுனையில் சுவாமி நின்றபோது நாதஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றிக்கொண்டு தோடி ராகத்தைத் தொட்டார். அப்போது மணி ஒன்பதரை, எனக்குக் கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு. ஆலாபனையின் முதல் சில பிடிகளோடு நான் கிளம்பிவிட்டேன். மறுநாள் இருபது வரி எழுதி அனுப்பினேன். ஒன்பது வரி வந்தது. அதில் நாதஸ்வரக்காரரின் பெயர் மட்டும்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து அந்தத் தவில்காரர் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் நான் டீ குடிக்கும் கடைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் அந்தச் செய்தித்தாள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெயர் விடுபட்டதற்குச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து, இடம் இல்லை, ஆபீஸில் வெட்டிவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். "பேரு போடலன்னு வரல சார்" என்றார். "ராத்திரி ஒரு மணிக்குத் தனி வாசிச்சேன். நீங்க இருந்து கேட்டீங்களா? இன்னா தோணுச்சுன்னு கேட்டுனு போலாம்னு வந்தேன்." தனி என்றால் தவில் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி. நான் கேட்டதாகவும் பிரமாதமாக இருந்ததாகவும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு எனக்கு ஒரு வாடகைக் கார் வேண்டாம், விடியும்வரை உட்கார்ந்திருக்க ஒரு லாட்ஜ் அறைக்கான காசும் மறுநாள் வேலைக்கு அரைநாள் விடுப்பும் இருந்திருந்தால் போதும், நான் அந்தத் தனியைக் கேட்டிருப்பேன். சம்பளமில்லாமல் எழுதுகிறவரின் நஷ்டத்தைப் பற்றிப் பேசும்போது அவருடைய பஸ் செலவையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு மணிக்குத் தனி வாசித்தவருக்கு அதில் நேர்ந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க, கச்சேரியின் இறுதியில் வரும் துக்கடாவுக்கு முன்பே எழுந்து வந்துவிட்டு முழுக் கச்சேரியையும் கேட்டதுபோல எழுதிய விமர்சனங்கள் என் பெயரில் எத்தனையோ உண்டு. உங்கள் பெயரில் அப்படி ஒன்றும் இல்லை என்றால் மகிழ்ச்சி.

ஆகவே நிறுத்துவதா என்ற கேள்விக்கு வருகிறேன். மார்கழியில் சென்னைக்குப் போய், ஏற்கெனவே பத்துப் பேர் எழுதிவிட்ட பாடகரைப் பதினோராவது ஆளாக எழுதுவதை நிறுத்தலாம். குடியாத்தத்திலிருந்து போக ஒரு நாள், வர ஒரு இரவு என்று செலவழித்து நீங்கள் அங்கே சேர்ப்பது மிகக் குறைவு. இங்கே அப்படியில்லை. வைகாசி முதல் நாள் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே திரண்டு வருகிறது, ஆண்டுதோறும் எல்லா நாளிதழ்களிலும் கூட்டத்தின் படம் வருகிறது, அன்று பம்பை அடித்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், எப்படி அடித்தார்கள் என்று ஒரு வரி நான் படித்ததில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் ஆடிய தெருக்கூத்தை நாடக ஆசிரியர் ந. முத்துசாமி போன்றவர்கள் பார்த்து எழுதிய பிறகுதான் நகரத்து வாசகர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே உறைத்தது. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்றும் நடக்கிறது. சின்ன நாதஸ்வரம் போன்ற முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் விடியவிடிய ஒலிக்கின்றன, அவற்றை இசையாகக் கேட்டு எழுதுகிறவர்கள் அரிது. அங்கே டிக்கெட் இல்லை, பாஸ் இல்லை, கட்டுரையை எடுக்கச் சொல்லி யாரும் போன் செய்யப்போவதில்லை. இன்னொரு வசதியும் உண்டு: கூத்துக்குப் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் பற்றிய கவலையே கிடையாது, முடிவதற்குள் முதல் பஸ்ஸே வந்துவிடும். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். பேருந்து நிலையத்தில் கொசுக்கடியில் காத்திருப்பதைவிட அவருக்கு அது பிடிக்கும்.

அதையும் இலவசமாகக் கொடுக்க வேண்டாம். உங்கள் ஆசிரியருக்குத் தெளிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். போக வர ஆகும் செலவு, டிக்கெட் இருந்தால் அதற்கான பணம், கட்டுரைக்கு அவரால் முடிந்த ஒரு தொகை என்று கேளுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியிட்டதை உங்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதையும், படத்தின் கீழே உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்பதையும், உங்கள் படத்தை அமைப்பாளருக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தப் பெயரோடுதான் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பணத்துக்கு வழியில்லை என்று அவர் சொன்னால் அது உண்மையாக இருக்கலாம், ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். கடைசியாகச் சொன்னவற்றுக்கு அவருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அதற்கும் மறுத்தால் அந்த இதழுக்கு எழுதுவதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள். எனக்கு எழுதிய மின்னஞ்சலிலேயே "மன்னிக்கவும்" நான்கு இடத்திலும் "தவறாக நினைக்க வேண்டாம்" மூன்று இடத்திலும் இருந்தன, வெளியிடும்போது நான்தான் எடுத்துவிட்டேன். அதையும் அப்படியே திருத்தித் தருகிறேன்.