ரெண்டும் நம்பிக்கைதான், ஆனா ஒண்ணு இல்ல

கேள்வி: விஞ்ஞானமும் கடைசில ஒரு நம்பிக்கைதானேன்னு எங்க மாமா அடிச்சுப் பேசறார். ப்ராக்மாட்டிசம்னு ஒரு தத்துவமே இருக்காம், பலன் கிடைச்சா அதுதான் உண்மைன்னு சொல்லுதாம். என்ன பதில் சொல்றது சார்?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நம்பிக்கைதாம்மா, அதுல மாமா சொல்றது சரி. ஆனா அந்த நம்பிக்கை எப்படி வந்துச்சு, தப்புன்னு தெரிஞ்சா அதை விட்டுடுவோமா, அங்கதான் விஷயமே இருக்கு. ப்ராக்மாட்டிசத்தை ஆரம்பிச்சு வெச்ச அமெரிக்கர் சார்லஸ் பர்ஸ் 1877லயே இதை எழுதினார், பிடிவாதமா நம்பலாம், மேல இருக்கறவங்க சொன்னாங்கன்னு நம்பலாம், மனசுக்கு சரின்னு பட்டுச்சுன்னு நம்பலாம், ஆனா மூணும் நிலைக்காது, நாம என்ன நினைச்சாலும் மாறாத வெளி உலகத்துகிட்டயே கேட்டுப் பாக்கறதுதான் நாலாவது வழி, அதுதான் விஞ்ஞானம்னு. பலன் வந்தா உண்மைங்கற மாதிரி மத்தவங்க அவர் வார்த்தைய இழுத்தது பிடிக்காம, 1905ல தன் கொள்கைக்கு ப்ராக்மாட்டிசிசம்னு பேரையே மாத்திட்டார்.

வியன்னா ஆஸ்பத்திரில நடந்ததை மாமாகிட்ட சொல்லுங்க. டாக்டருங்க பிரசவம் பாத்த வார்டுல தாய்மாருங்க காய்ச்சல் வந்து செத்துகிட்டே இருந்தாங்க, மருத்துவச்சிங்க பாத்த வார்டுல ரொம்பக் கம்மி. சாகறவங்களுக்கு ஜெபம் பண்ண பாதிரியார் மணி அடிச்சுகிட்டு வார்டு வழியா போறாரே, அந்த பயம்தான் கொல்லுதோன்னு ஒரு பேச்சு. செம்மல்வைஸ்ங்கற டாக்டர் அதைக் கேட்டு சிரிக்கல, பாதிரியாரை மணி இல்லாம சுத்து வழியா வரச் சொன்னார். சாவு குறையல. சரி, இது காரணம் இல்லன்னு விட்டார். மருத்துவச்சிங்க மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பாத்தார், அதுவும் இல்ல. 1847ல நண்பர் ஒருத்தர் பிரேதப் பரிசோதனைல விரல்ல கத்தி பட்டு அதே மாதிரி காய்ச்சல்ல செத்தப்பதான் பொறி தட்டுச்சு, பிணத்தைத் தொட்ட கையோட டாக்டருங்க நேரா பிரசவத்துக்கு வராங்களே! அப்படின்னா க்ளோரின் தண்ணில கை கழுவினா சாவு குறைஞ்சே ஆகணும். ஏப்ரல்ல 100க்கு 18 பேர், ஜூன்ல ஏறக்குறைய 2.

பலன் வந்துடுச்சே, அதோட உண்மைன்னு முத்திரை குத்திட்டாரா? இல்ல. அதே வருஷம் அக்டோபர்ல கர்ப்பப்பை புற்றுநோய் இருந்த ஒரு அம்மாவைப் பாத்துட்டு அதே கையோட பக்கத்துப் படுக்கைங்களைப் பாத்ததுல 11 பேர் செத்தாங்க, அங்க பிணமே கிடையாது. உயிரோட இருக்கறவங்க உடம்புல அழுகினதும் கொல்லும்னு தன் கருத்தையே திருத்திகிட்டு, ஒவ்வொரு பேஷண்டுக்கு நடுவுலயும் கை கழுவணும்னு சொன்னார்.

மாமாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்கம்மா, கோவமா இல்ல, பொறுமையா: என்ன நடந்தா உங்க நம்பிக்கைய மாத்திக்குவீங்க மாமா?