மூட்டையை இழுப்பதா, தூக்குவதா?

கேள்வி: சார், 4 சைன் தீட்டா + 3 காஸ் தீட்டா = 4 என்ற கணக்கில் காஸை வலப்பக்கம் தள்ளி, இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினேன். சுமாராக 16, 90, 270, 344 டிகிரி என நாலு விடை வந்தது. புத்தகத்தில் முதல் இரண்டுதான் இருக்கிறது. எங்கே தப்பு?
– பிளஸ் ஒன் மாணவி, கோத்தகிரி

பதில்: வழியில் தப்பில்லை கண்ணு, கடைசியில் சரிபார்க்காமல் விட்டதுதான் தப்பு. 270-ஐப் போட்டுப் பார். 4 சைன் என்பது −4. எதிர்ப்பக்கம் 4 − 3 காஸ் என்பது +4. வர்க்கப்படுத்தினால் இரண்டுமே 16. குறி வேறு என்பது அங்கே மறைந்துபோகிறது. 344-ம் அப்படி நுழைந்ததுதான். இரண்டையும் அடித்துவிடு.

நான் வர்க்கப்படுத்தவே மாட்டேன். 4, 3 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 5. முழுவதையும் 5-ஆல் வகு. காஸ் 4/5, சைன் 3/5 ஆக இருக்கும் கோணம் 36.87 டிகிரி. கூட்டுக்கோணச் சூத்திரப்படி இடப்பக்கம் சைன் (தீட்டா + 36.87) என்று ஒரே உறுப்பாகிவிடும், வலப்பக்கம் 4/5. சைன் 4/5 ஆவது 53.13-இலும் 126.87-இலும். 36.87-ஐக் கழித்தால் 16.26, 90. அவ்வளவுதான். வலப்பக்கம் 6 என்று கொடுத்திருந்தால் 6/5 வரும். சைன் 1-ஐத் தாண்டாது, விடை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.

இந்தக் கணக்கை நான் பேனாவுக்கு முன்னால் உடம்பால் போட்டவன். அம்மா குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தார். லீவு நாளில் மூட்டைக்குக் கயிறு கட்டி மேட்டில் இழுப்பேன். "தலைல வெச்சுட்டுப் போடா, இழுத்தா இடுப்பு போயிடும்" என்பார். சோம்பேறி என்று திட்டுகிறார் என நினைத்தேன். காலேஜில் சாய்தளம் படித்தபோதுதான் விளங்கியது. சரிவோடு இழுக்க வேண்டிய விசை, எடை × (சைன் + உராய்வுக் குணகம் × காஸ்). தரை மூட்டையை எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்று சொல்லும் எண்தான் உராய்வுக் குணகம். மண்ணில் கோணி மூட்டைக்கு அந்தக் குணகம் 3/4 என்று வை. இழுக்கும் விசை எடைக்குச் சமமாவது எந்தச் சரிவில்? 4-ஆல் பெருக்கிப் பார், உன் சமன்பாடேதான். 90 என்பது நேராக மேலே தூக்குவது, அதில் ஆச்சரியமில்லை. 16.26தான் விஷயம். சரிவு அதைத் தாண்டினால், தரையோடு இழுக்க மூட்டையின் எடையைவிடக் கூடுதல் விசை வேண்டும். 53.13 டிகிரியில் அது எடையைப் போல் ஒன்றேகால் மடங்கு.

எங்கள் தோட்டத்தில் 16 டிகிரிக்குக் கீழே இருந்தது லாரி திரும்பும் இடம் மட்டும்தான்.