கதிர்வீச்சுச் சிகிச்சையில் வாய்ப்புண்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறிந்து, அடுத்த மாதத்திலிருந்து 33 நாட்கள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும், வாரம் ஒரு முறை கீமோவும் உண்டு என்று மருத்துவர்கள் கூறியிருக்கிறார்கள். இதே சிகிச்சை பெற்ற உறவினர் ஒருவர் வாய்ப்புண்ணால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறோம். அப்பாவுக்கு அந்த நிலை வராமல் தடுக்க முடியுமா? தேன் தடவுங்கள், ஐஸ் கட்டி வையுங்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி ஒருவர்

பதில்: புண்ணே வராமல் தடுத்துவிடலாம் என்று யாராவது உறுதி கூறினால் நம்பாதீர்கள். வாய், தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு பெறுவோரில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் புண் வரத்தான் செய்யும். கீமோவும் சேரும்போது அது கடுமையாகவே இருக்கும். ஆனால் அதன் தீவிரத்தைக் குறைக்கவும், சாப்பாடு அடியோடு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளவும் வழிகள் உண்டு. அவற்றுள் முக்கியமான சில, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே செய்துமுடிக்க வேண்டியவை என்பதால், உங்கள் கையில் இன்னும் நாட்கள் இருப்பது நல்லதே.

முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பு பிற்காலத்தில் எளிதில் ஆறாது. அந்த இடத்தில் பின்னர் பல்லைப் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. ஆகவே எடுக்க வேண்டிய பற்களை முன்கூட்டியே எடுத்து, காயம் ஆறக் குறைந்தது இரண்டு வாரமாவது விட வேண்டும். நாக்கிலும் கன்னத்திலும் உராயும் கூரான பல் விளிம்புகளையும் அப்போதே தேய்த்துச் சரிசெய்துவிடலாம். உலோகத்தால் அடைத்த பல்லோ உலோக உறை போட்ட பல்லோ இருந்தால் அதைக் கதிர்வீச்சு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கதிர்கள் உலோகத்தில் பட்டுச் சிதறி, அதை ஒட்டியிருக்கும் கன்னத்தையோ நாக்கையோ கூடுதலாகப் புண்ணாக்கும். பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள, கழற்றி மாட்டும் பாதுகாப்பு உறை ஒன்றை வைத்தே இதைத் தவிர்த்துவிட முடியும்.

வாயின் உட்பரப்பை மூடியிருக்கும் மென்படலம் ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. கதிர்வீச்சு அடியடுக்குச் செல்கள் பெருகுவதைத் தடுத்துவிடுவதால், மேலே உதிர்வதற்கு ஈடாகக் கீழிருந்து புதியவை வருவதில்லை. பழைய அடுக்கு தேய்ந்து தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது. இரண்டாவது வாரவாக்கில் வாய் சிவந்து எரியத் தொடங்கும். அதுவரை பெற்ற மொத்தக் கதிர்வீச்சு 30 கிரேயை (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) நெருங்கும் மூன்றாவது வாரத்தில் வெண்படலம் மூடிய புண்கள் தெரியும். முதல் வாரம் நன்றாகச் சாப்பிடுகிறாரே என்று குடும்பத்தார் வாய் கொப்பளிப்பதில் அசட்டையாகிவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த வாரத்தில் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம்.

கொப்பளிக்க விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறையும், ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் மெதுவாகக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இது புண்ணைத் தடுக்கும் மருந்தல்ல. வாயை ஈரமாகவும் சுத்தமாகவும் வைத்துக் கிருமித்தொற்றுக்கு இடம் கொடாமல் காக்கும், அவ்வளவே. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். மிக மென்மையான பிரஷ் போதும். புகையிலையும் மதுவும் இருந்தால் இன்றே நிறுத்தப்பட வேண்டும். இதில் சலுகை கிடையாது.

மருந்து என்று பார்த்தால், 2020இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், அழற்சியையும் வலியையும் குறைக்கும் பென்சிடமைன் என்ற மருந்து கலந்த வாய்க்கழுவியைப் பரிந்துரைக்கிறது. 50 கிரேக்குக் குறைவான கதிர்வீச்சில் அதற்கான ஆதாரம் வலுவானது. கீமோவுடன் சேர்ந்த சிகிச்சைக்கும் அதை யோசிக்கலாம் என்கிறது. எரிச்சல் இருந்தால் மருத்துவரைக் கேட்டு நீர் கலந்து பயன்படுத்தலாம். குறைந்த ஆற்றல் லேசர் ஒளியை வாய்க்குள் காட்டும் முறைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. வலியற்றது, சிகிச்சை தொடங்கும்போதே தொடங்க வேண்டியது. உங்கள் மருத்துவமனையில் அந்த வசதி உள்ளதா, தந்தைக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். பலர் வாங்கி வைத்துக்கொள்ளும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவி, ஈறு நோய்க்கு நல்லதென்றாலும் கதிர்வீச்சுப் புண்ணைத் தடுப்பதற்கு ஏற்றதல்ல.

ஐஸ் கட்டி யோசனை வேறொரு சிகிச்சையிலிருந்து வந்தது. சில கீமோ மருந்துகளை ஊசியில் வேகமாகச் செலுத்தும்போது ஐஸை வாயில் வைத்திருந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, வாய்க்கு வந்துசேரும் மருந்தின் அளவு குறையும். கதிர்வீச்சு இரத்தத்தின் வழியாக வருவதில்லை என்பதால் அந்தத் தர்க்கம் இங்கே பொருந்தாது. தேனுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அதே வழிகாட்டுதல் அதை ஒரு வாய்ப்பாகக் குறிப்பிடுகிறது. ஆனால் உமிழ்நீர் வற்றிய வாயில் சர்க்கரை தங்கினால் பற்கள் விரைவில் சொத்தையாகும். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கேள்வி: என் கணவருக்கு இப்போது நான்காவது வாரச் சிகிச்சை நடக்கிறது. வாய் முழுக்கப் புண். ஒரு வாரம் விட்டுத் தொடரலாம் என்கிறார். சரியா?
– இன்னொரு வாசகி

பதில்: தாமாக நிறுத்துவது தவறு. இடைவெளி விழும்போது எஞ்சிய புற்றுநோய்ச் செல்கள் மீண்டும் பெருகுவதால் குணமாகும் வாய்ப்பே குறையும். வலியைத்தான் அடக்க வேண்டும். உணவுக்கு முன் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் தரலாம். வாய் மரத்திருக்கையில் கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமலும், சூடானது பட்டுவிடாமலும், புரையேறாமலும் கவனிக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மார்பின் என்ற வலுவான வலிநீக்கி மருந்து தருவார்கள். பழக்கமாகிவிடுமோ என்று அஞ்சி மறுக்க வேண்டாம். துடைத்தால் உரிந்துவரும் வெண்திட்டுகள் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து உண்டு. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, நீராகாரமும் இறங்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எடை வேகமாகக் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவூட்டச் சொல்வார்கள். அது தற்காலிக ஏற்பாடு. சிகிச்சை முடிந்த மறுநாளே புண் ஆறிவிடாது, முதல் வாரத்தில் சற்று மோசமாகக்கூடத் தோன்றும். ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்; அதுவரை உப்பு, சோடா நீர்க் கொப்பளிப்பு தொடரட்டும்.