மாஜோங்கின் பருவக் காய்கள் – கடிதம்

வணக்கம் சார்,

சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு பற்றி நீங்கள் எழுதியதில், பக்கத்து வீட்டில் விடிய விடிய மாஜோங் ஆடியதாக ஒரு வரி வருகிறது. என் அம்மாவும் ரிட்டயர் ஆனதிலிருந்து டேப்லெட்டில் மாஜோங்தான் ஆடுகிறார். ஒரே மாதிரி இரண்டு காய்களைத் தேடி எடுக்கும் ஆட்டம். ஆனால் நான்கு காய்கள் மட்டும் படம் வேறு வேறாக இருந்தாலும் ஜோடி சேர்ந்துவிடுகின்றன. அவை பருவங்களாம். அம்மாவுக்கு இது போங்காட்டமாகப் படுகிறது. நிஜ ஆட்டத்தில் இவற்றுக்கு என்ன வேலை? ஜோக்கர் மாதிரியா?

கா., சேலம்

அன்புள்ள கா.,

அம்மா கேட்பது நியாயம்தான், ஆனால் போங்கு இல்லை. ஒரு செட்டில் 144 காய்கள். எல்லாமே நாலு நாலாக இருக்கும். பருவம் நாலு, பூ நாலு, இந்த எட்டு மட்டும் ஒற்றை. ஒற்றைக் காய்க்கு ஜோடி எங்கே போய்த் தேடுவது? அதனால் பருவத்தோடு பருவம், பூவோடு பூ என்று விட்டுவிட்டார்கள். அப்புறம், அம்மா ஆடுவது சீனர்களின் ஆட்டமே இல்லை; 1981-இல் பிராடி லாக்கார்ட் என்ற அமெரிக்கர் கணினிக்காக எழுதியது. காய்கள் மட்டும்தான் சீனம்.

நிஜ மாஜோங் நம் ரம்மிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், கையில் 13 காய், ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். நாலு செட்டும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பருவக் காய் இந்தக் கணக்கிலேயே வராது. ஜோக்கர் எதற்கும் பதிலாக நிற்கும், இது எதற்குமே நிற்காது. வந்தவுடன் எல்லோரும் பார்க்க மேசையில் வைத்துவிட்டு, அடுக்கி வைத்த காய்களின் வால் பக்கத்திலிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை உட்கார்ந்தபோது எனக்கு இது தெரியாது. நாலாவது ஆள் இல்லையென்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டிருந்தார். எதோடும் சேராமல் ஒரு காய் ஓரத்தில் நின்றது, ரம்மிப் புத்திதானே, தூக்கி நடுவில் போட்டேன். மூன்று பேரும் ஒரே குரலில் 'ஐயோ' என்றார்கள் (அங்கே சீனர்களும் ஐயோதான்). ஆன்ட்டி காயை என் பக்கம் தள்ளி, அதன் மூலையில் இருந்த சின்ன 4-ஐ நகத்தால் தட்டி, பிறகு என்னைக் காட்டினார். நான் உட்கார்ந்திருந்தது வடக்கில். வந்திருந்தது குளிர்காலம்.

சீன மரபில் வசந்தம் கிழக்குக்கு உரியது, கோடை தெற்கு, இலையுதிர்காலம் மேற்கு, குளிர்காலம் வடக்கு. ஆடுகிற நாலு பேரும் நாலு திசை. காயில் உள்ள 1, 2, 3, 4 அதே வரிசை. ஆகவே பருவக் காய் விலாசம் எழுதிய கடிதம் மாதிரி, உரியவர் கைக்கு வந்தால்தான் மதிப்பு. ஹாங்காங் ஆட்டத்தில் சொந்தப் பருவம் வந்து ஜெயித்தால் கூடுதலாக ஒரு 'ஃபான்' (அங்கே புள்ளிக்கு அதுதான் பெயர்). அடுத்தவர் பருவம் வந்தால் அதற்கென்று எதுவும் கிடையாது. பூவும் பருவமும் ஒன்றுகூட வராமல் ஜெயித்தாலும் ஒரு ஃபான் தருவார்கள், ஆறுதல் பரிசு! திசைகள் சுற்றிக்கொண்டே இருப்பதால், இப்போது என்னுடையதாக இருந்த குளிர்காலம் கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டியுடையதாகிவிடும்.

சிங்கப்பூரில் இதற்கு மேல் நாலு பிராணிகளும் உண்டு: பூனை, எலி, சேவல், பூரான். பூனையும் எலியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே காசு.

சீனாவில் 1998-இல் வந்த போட்டி விதிகளில் யாருடைய பருவம் என்ற பேச்சே இல்லை. எது வந்தாலும் ஒரு புள்ளி, அதுவும் ஜெயிக்கத் தேவையான 8 புள்ளிக் கணக்கில் சேராது. ஜப்பானியர்களின் வழக்கமான ஆட்டத்தில் பருவங்களே கிடையாது. கணக்குப் போட்டு ஆடுகிறவர்களுக்கு இப்படிச் சும்மா வரும் புள்ளி பிடிக்காதுதான். எனக்கோ நாலு பேரும் தலையைக் குனிந்து காயையே முறைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு பருவத்தை எடுத்து வைப்பது இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தில் பாதி சுகம் போய்விடும்.

இதில் ஆழமான தத்துவம் தேடாதீர்கள். பூக் காய்களுக்கும் இப்படி எண் உண்டு. பல செட்டுகளில் பிளம் 1, ஆர்க்கிட் 2, செவ்வந்தி 3, மூங்கில் 4. சீன ஓவியத்தில் பிளம் பனிக்காலத்துப் பூ, மூங்கில் கோடைக்கு உரியது. இங்கேயோ பிளம் வசந்தத்தோடும் மூங்கில் குளிர்காலத்தோடும் போய் உட்கார்ந்திருக்கின்றன. செவ்வந்திக்கு மட்டும்தான் சரியான பருவம் வாய்த்திருக்கிறது. மூங்கிலைப் பூக்களில் சேர்த்தது தனிக்கதை.

அம்மாவின் டேப்லெட்டில் பருவங்களின் மேல் சீன எழுத்து இருந்தால் அடையாளம் காண்பது சுலபம். அடியில் குறுக்குக்கோடு போட்ட பெட்டி மாதிரி சூரியன் இருந்தால் வசந்தம். இடமும் வலமும் இரண்டாகப் பிரிந்து நிற்பது இலையுதிர்காலம்: இடப்பக்கம் தானியம், வலப்பக்கம் நெருப்பு. அடியில் சாய்வாக இரண்டு கீற்று, பனித்துளி விழுந்த மாதிரி இருந்தால் நான் தூக்கிப் போட்ட குளிர்காலம். மிச்சமிருப்பது கோடை.